நாகதம்பிரானுக்கு ஷோஃபாஜ்

– பெட்டியைத் துறவும் தம்பி.

– இப்ப வேண்டாம் சார். தூங்கிட்டிருக்கு.

– என்ன தூங்குது? ஆரை உள்ளுக்கை வைச்சிருக்கிறீர் முகிலன்? வீட்டுக்காரன் நான் கேக்கிறன். ரூ பெர்தொனேயிலை என்ரை நகைக்கடை நிறைய ஆக்கள், தாலிக்கொடி பாத்துக்கொண்டு நிக்கினம். வீட்டிலை திரும்பவும் கரண்ட் விழுந்திட்டுது எண்டு இஞ்சை நிக்கிற சிவாஜினி போன் அடிச்சதாலை எல்லாத்தையும் விட்டிட்டு ஓடி வாறன். இந்தப் பெட்டிக்கும் வயர் போகுது.

– தவரத்தினம் அண்ணை, நான் பெட்டியைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. சுவரிலை கிடக்கிற உங்கடை ஷோஃபாஜைப் பற்றித்தான் சொன்னனான். மூண்டு மாரிக் குளிருக்கும் அது சூடாகேல்லை. எங்கடை அறைக்கு நாங்கள் சின்ன ஹீட்டர் ஒண்டு வாங்கிக் கொளுவினால், சோறு வேகேக்கை கரண்ட் விழுது. டிலானிக்கு இருமல் நிக்கிறதில்லை. நாலு வயசுப் பிள்ளை, தொப்பி போட்டுக்கொண்டு படுக்குது.

– உம்மடை கதை பழைய கதை பிள்ளை. குளிருது எண்டால் ரெண்டு ஸ்வெட்டர் போடுறது. நான் பாரிசுக்கு வந்த காலத்திலை மட்டைப் பெட்டியை விரிச்சுப் படுத்தனான், விளங்குதோ? தம்பி, துறவும்.

– திறக்கிறேன் சார். ஆனா கத்தக் கூடாது.

– நான் ஆரோடையும் சத்தம் போடுற ஆள் இல்லை.

– இந்தச் சட்டியத் தூக்கினா பாக்கலாம். இதான் சார் பட்டு. என்னோட...

– ஐயோ! முருகா! பாம்பு! பாம்படா!

– சார், கதவத் தள்ளாதீங்க, உள்பக்கமா இழுக்கணும்!

– பிள்ளை, உமக்கு உது தெரியுமோ?

– தெரியும் அண்ணை. டிலானி அதுக்கு போன் நுயி எண்டு இரவு வணக்கம் சொல்லாமல் படுக்கமாட்டாள்.

– நாளைக்கே சாமானைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடும் தம்பி! இந்தியாவிலை இருந்து வந்த பெடியன், ஆராய்ச்சிக்காரன், ஒழுங்கான ஆள் எண்டு நம்பித் தந்த அறை இது.

– விஷம் கிடையாது சார். பால் பைத்தான்னு சொல்வாங்க. பிரான்ஸ்லயே பொறந்தது. அதுக்கு பேப்பர்ஸ் எல்லாம் கரெக்டா இருக்கு.

– பாம்புக்குப் பேப்பரோ?

– பாத்தியளே அண்ணை. எங்கடை இவர் றூபன் இன்னும் விசாப் பேப்பருக்கு அலையிறார், பாம்புக்கு வந்திட்டுது.

– பகிடி விடாதையும் பிள்ளை. தம்பி, உது படம் எடுக்குமோ?

– எடுக்காது சார். பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும். அவ்வளவுதான்.

– அப்ப நாகம் இல்லை. நாகம் இல்லாட்டி எனக்கென்ன பயம்? வெளிக்கிடட்டும்.

– அண்ணை, உப்பிடிச் சட்டெண்டு சொல்லிப்போடாதையுங்கோ. வெளிநாட்டிலை பிறந்த நாகம், படம் எடுக்க மறந்திருக்கும். எங்கடை பிள்ளையள் தமிழை மறக்கேல்லையோ?

– அக்கா, இது நாகமே இல்ல, ஆப்பிரிக்காவுல...

– தம்பி முகிலன், நீங்கள் கொஞ்சம் சும்மா இருங்கோ. அண்ணை, ஒண்டு கேக்கிறன், கோவிக்கக் கூடாது. உங்கடை மகள் சாம்பவிக்கு ஏன் ஒரு சம்பந்தமும் பொருந்துதில்லை? சாத்திரியார் என்ன சொன்னவர்?

– அது உமக்கு ஆர் சொன்னது?

– உங்கடை மனுசி. கடையிலை நிண்ட எல்லாருக்கும்தான் புனிதவதியக்கா சொன்னவ.

– நாகதோஷம் எண்டவர்.

– நாகதோஷம் உள்ள ஆளின்ரை வீட்டிலை நாகம் தானா வந்து படுத்திருக்கு. அதைப் பிடிச்சு மாரிக்குள்ளை றோட்டிலை விடப் போறியள். விடுங்கோ. எனக்கென்ன, நான் வாடகைக்கு இருக்கிற ஆள்.

– பொறும் பிள்ளை.

– பொறுத்துத்தானே நிக்கிறன்.

– அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்தும். குளிர் வருது. தம்பி, அதுக்குக் குளிருமெல்லோ?

*

– என்ன சார் இத்தன பை? யாராவது வீடு மாறுறாங்களா?

– எல்லாம் நாகதம்பிரானுக்குச் சூடாக்கிற சாமான் தம்பி. நானே தேடித் தேடி வாங்கினது. இது கல்லு. கரண்டிலை கொளுவினால் கல்லே சுடும், அவர் ஏறிப் படுக்கலாம். இந்த லைட்டை உள்ளுக்கை வைச்சால் சூரியன் மாதிரி. இது மின்சாரக் கம்பளி, மனுசி போர்க்கிறது, கேளாமல் எடுத்துக்கொண்டு வந்தனான்.

– சார், தப்பா நினைக்காதீங்க, இதுல ஒண்ணுகூட வேண்டாம். அந்தக் கல்லுதான் ரொம்ப மோசம். வயித்துக்குக் கீழ சூடு ஏறுறது பாம்புக்குச் சட்டுன்னு உறைக்காது. நகராம வெந்துக்கிட்டே படுத்திருக்கும். லைட்ட உள்ள வெச்சா அதுலயே போய்ச் சுத்திக்கும். லைட் வைக்கிறதா இருந்தா வெளிய, கம்பி வலைக்கு அந்தப் பக்கம்தான்.

– அப்ப நீர் என்னத்தாலை சூடாக்கிறீர்?

– ரொம்ப சிம்பிள் சார். பெட்டிக்கு அடியில, வெளிப்பக்கம், ஒரு பாதிக்கு மட்டும் சூடு தர்ற பாய். அத நேரா பிளக்குல சொருகக் கூடாது. நடுவுல இந்த தெர்மோஸ்டாட் இருக்கணும். இந்த வயர் நுனி எவ்வளவு சூடுன்னு பாத்துட்டே இருக்கும். முப்பத்திரண்டு டிகிரி வந்தா தானா நிறுத்திடும். குறைஞ்சா மறுபடி போட்டுடும்.

– மற்றப் பாதி?

– அது கொஞ்சம் குளுமையா இருக்கணும். ஒளிஞ்சுக்க ரெண்டு பக்கமும் ஒவ்வொரு மண்சட்டி. சூடு வேணும்னா இங்க வரும், போதும்னா அங்க போகும். நாம சொல்ல வேண்டாம், அதுவே முடிவு பண்ணும்.

– கேட்டியளே அண்ணை? பாம்புக்கு விரும்பின பக்கம் படுக்கலாம். எங்கடை அறையிலை அந்தப் பக்கமும் குளிர், இந்தப் பக்கமும் குளிர்.

– பிள்ளை, தெய்வத்தோடை உங்களை ஒப்பிடாதையும்.

– ஒப்பிடேல்லை அண்ணை. சும்மா வாயிலை வந்திட்டுது.

– தம்பி, பால் எப்ப வைக்கிறது? காலமையோ பின்னேரமோ?

– பாலா? பாம்பு பால் குடிக்காது சார்.

– என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? பால் பைத்தான் எண்டு நீர்தானே சொன்னனீர்!

– அது வேற பால் சார். பந்துன்னு அர்த்தம். இது எலிதான் தின்னும். ஃபிரீசர்ல இருந்து எடுத்து, வெந்நீர்ல வெச்சு...

– எலியோ! நான் கோயில் நிர்வாகத்திலை இருக்கிற ஆள். என்ரை வீட்டிலை எலி சமைக்கிறியளோ?

– சமைக்கல சார். குளிர் விட்டுப் போறதுக்கு வெந்நீர்ல வைக்கிறதுதான்.

– எந்த ஃபிரீசர்?

– அண்ணை, அந்தக் கதையை விடுங்கோ. மேல்தட்டு எங்கடை மீன், கீழ்த்தட்டு தம்பியின்ரை. ஒரு நாளும் மாறேல்லை.

– இந்த எலிக்கதையை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ. பால் எண்டே இருக்கட்டும்.

– யாருக்கு சார் சொல்லப் போறோம்? இங்க வர்றது நீங்க மட்டும்தானே.

– வருவினம் தம்பி. நிர்வாகத்திலை நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறன்.

– சார், பைய எல்லாம் எடுத்துட்டுப் போயிடுங்க. நான் லேபுல இருக்கும்போது யாரும் பெட்டியத் தொடக் கூடாது. முக்கியமா அந்த தெர்மோஸ்டாட்ட.

– நான் ஏன் தொடுறன்? நான் ஒருத்தற்றை சாமானிலையும் கை வைக்கிற ஆள் இல்லை.

*

– அக்கா, போன்ல நீங்க அழுததுல எனக்கு ஒண்ணும் புரியல. வந்ததும் பட்டுவத் தூக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடிட்டேன். இப்ப உக்காந்து நிதானமா சொல்லுங்க. என்ன ஆச்சு?

– நான் டிலானியைப் பள்ளிக்கூடத்தாலை கூட்டிக்கொண்டு வந்து கதவைத் துறக்கிறன், வீடு முழுக்கப் புகை. உங்கடை அறை வாசலிலை கண் தெரியேல்லை. பெட்டியைச் சுத்தி அந்த மின்சாரக் கம்பளியை மடிச்சு மடிச்சுக் கட்டியிருக்கு. அதுக்கு மேலை கற்பூரத் தட்டு. தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப்போட்டு அந்தக் கல்லை உள்ளுக்கை கொளுவி விட்டிருக்கு.

– அவர் சாவியோட வந்தாரா?

– வேறை ஆரிட்டைத் திறப்பு இருக்கு? மனுசன் கும்பிட்டுப்போட்டுக் கடைக்குப் போட்டுது. கம்பளி கருகிக் கருகி நெருப்புப் பிடிச்சிட்டுது. நான் பிள்ளையைப் படியிலை இருத்திப்போட்டு ஓடி வந்து மெயினை நிப்பாட்டி, ஈரத் துவாயைப் போட்டு அமத்தினன்.

– டிலானி?

– புகை குடிச்சிட்டாள். இருமி இருமிச் சத்தி எடுத்தவள். மேல்வீட்டு ஆன்ஜெலிக் ஓடி வந்து தூக்கிக்கொண்டு போய்த் தன்ரை யன்னலடியிலை வைச்சிருந்தவ. இப்பதான் நித்திரை. உங்கடை பட்டு?

– வயிறு வெந்திருக்கு. இவ்வளவு நீளத்துக்குத் தோல் சிவந்து போச்சு. பொழச்சிடும்னு டாக்டர் சொல்றாங்க. தழும்பு மறையாது.

– வாயில்லாச் சீவன். ஒரு சத்தமும் போட்டிருக்காது.

– தம்பி! பிள்ளை! கடையிலை சொல்லித்தான் தெரியும். நாகதம்பிரானுக்கு என்ன நடந்தது?

– வாங்க சார். வீட்டுல ஒரு குழந்தை இருக்கு. முதல்ல அதக் கேளுங்க.

– அந்தப் பிள்ளை இருமுறது எப்பவும் உள்ளதுதானே. நாகத்துக்கு என்ன எண்டு கேக்கிறன்.

– நீங்க என்ன பண்ணினீங்கன்னு தெரியுதா உங்களுக்கு? நெருப்பு திரைச்சீலைக்குப் போயிருந்தா? அக்கா பத்து நிமிஷம் லேட்டா வந்திருந்தா?

– நான் நல்லதுக்குத்தான் செய்தனான் தம்பி. தொட்டுப் பாத்தன், உடம்பு குளிர்ந்து போய்க் கிடந்தது.

– பாம்பு உடம்பு அப்படித்தான் சார் இருக்கும்! குளுமையான பக்கத்துக்கு அதுவா போய்ப் படுத்திருந்தது!

– அப்ப நான்... ஐயோ முருகா. நாகத்தைச் சுட்டுப்போட்டனே. இருந்த தோஷம் காணாதெண்டு நானே இன்னொண்டை வாங்கிப்போட்டன். இதுக்கு என்ன பரிகாரம்? பிள்ளை, நீரெண்டாலும் சொல்லும்.

– பரிகாரம் எனக்கென்ன தெரியும் அண்ணை? தம்பி முகிலன், டாக்குத்தர் என்னவோ சொன்னவ எண்டு சொன்னியளே. அறை குளிர்ந்தால் புண் ஆறாதெண்டு.

– டாக்டரா? எப்ப அக்கா...

– சொன்னவதானே தம்பி?

– ஆமா. ஆமா சார், சொன்னாங்க. காயம் ஆறணும்னா அறையே வெதுவெதுப்பா இருக்கணும். பெட்டிக்கு அடியில இருக்கிற பாய் மட்டும் பத்தாது. இந்த அறை பதினாலு டிகிரியில நிக்குது.

– அவ்வளவுதானே? இந்த அறைக்குப் புது ஷோஃபாஜ் போடுறன்.

– போடுங்கோ அண்ணை. ஆனா கதவு துறந்து துறந்து பூட்டுறது. குசினிக் குளிரும் எங்கடை அறைக் குளிரும் உள்ளுக்கை வந்துகொண்டுதான் இருக்கும். பிறகு புண் ஆறேல்லை எண்டு என்னைக் கேக்கக் கூடாது.

– வீடு முழுக்கவோ?

– வயரையும் மாத்தவேணும். இல்லாட்டில் திரும்பவும் கரண்ட் விழும். விழுந்தால் நாகம் விறைச்சுப் போம்.

– வயருமோ? ...சரி. நாளைக்கு ஆளோடை வாறன். நாகத்துக்கு ஒண்டும் நடக்கக் கூடாது, விளங்குதோ?

*

– அக்கா, தொப்பி இல்லாத டிலானிய இப்பதான் பாக்குறேன். சுருட்டை முடின்னே எனக்குத் தெரியாது.

– வெறுங்காலோடை ஓடித் திரியிறாள். றூபன் வேலையாலை வந்து, கையைக் கழுவ முதல் புது ஷோஃபாஜிலை கையை வைச்சுக்கொண்டு நிண்டார். என்னப்பா செய்யிறியள் எண்டால், சும்மா எண்டார். கண் கலங்கிப் போச்சு மனுசனுக்கு. இருமலும் நிண்டிட்டுது தம்பி.

– உங்களப் பாக்க சந்தோஷமா இருக்கு அக்கா. ஆனா என் ரூம்ல நான் இருக்க முடியல. பூட்டுக்கு அவர்கிட்டயும் சாவி இருக்கு. நேத்து வந்து பாக்குறேன், என் கட்டில் மேல மூணு பேர் உக்காந்து தேவாரம் பாடுறாங்க. லேப்டாப் மேல தேங்காய்.

– வாசலிலை செருப்புத் தட்டும் வைச்சிட்டார். முந்தநாள் லியோனிலை இருந்து ஆக்கள் கும்பிட வான் பிடிச்சுக்கொண்டு வந்தவை.

– தில்லைநாயகின்னு ஒரு அம்மா, கண்ணாடியத் தட்டித் தட்டி, வெளிய வா ராசான்னு கூப்பிடுறாங்க. ஊதுபத்திப் புகை, மணிச்சத்தம். பட்டு எதையும் தின்ன மாட்டேங்குது அக்கா. காயம் ஆறிடுச்சு. ஆனா இப்படியே போனா பயத்துலயே செத்துடும். பாம்புக்குச் சூடு மட்டும் போதாது, நிம்மதியும் வேணும்.

– என்ன செய்யப் போறியள்?

– பொபினியில அக்ஷரா இருக்காங்க. என்கூட வேலை பாக்குறவங்க, முன்னாடி பாம்பு வளத்தவங்கதான். அங்க பெட்டி ரெடி பண்ணியாச்சு. பாம்ப விடுறதுக்கு முன்னாடியே பாயும் தெர்மோஸ்டாட்டும் ஓட விட்டு, சூடு ஏறி இறங்காம ஒரே மாதிரி நிக்குதான்னு பாத்துட்டோம். வியாழக்கிழமை கொண்டுபோயிடலாம்னு இருக்கேன்.

– பாம்பு போனால் ஷோஃபாஜும் போயிடும் தம்பி.

– அதான் உங்ககிட்ட கேக்காம செய்ய மனசு வரல.

– நீங்கள் பாம்பைக் கொண்டு போங்கோ. பெட்டி இருக்கட்டும், ரெண்டு சட்டியும் இருக்கட்டும். அடியிலை சூடு இருக்கட்டும், மேலை லைட் எரியட்டும். அது எந்த நேரமும் சட்டிக்குள்ளைதானே படுத்திருக்கும். வாறவையிலை ஆர் அதைக் கண்டது?

– இது ஏமாத்து இல்லையா அக்கா?

– கும்பிட வாறவை பாம்பைப் பாக்கவோ வருகினம்? தங்கடை குறையைச் சொல்லிப்போட்டுப் போக வருகினம். அதுக்குச் சட்டி காணும். நான் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி. இந்த மாரி முடியுமட்டும் என்ரை பிள்ளை இருமாமல் படுக்கவேணும். அவ்வளவுதான்.

– சரி அக்கா. கூடைய மூடி, பஸ்ல இல்லாம அக்ஷரா கார்ல கொண்டுபோறேன். வழியில குளிர் படக் கூடாது.

*

– எடுங்கோ, எடுங்கோ. பிள்ளை, டிலானிக்கும் ரெண்டு எடும். லட்டு, மனுசி வீட்டிலை செய்தது. சாம்பவிக்குச் சரிவந்திட்டுது!

– கங்ராட்ஸ் சார்! மாப்பிள்ளை எங்க?

– லண்டன். இன்சினியர். வெள்ளிக்கிழமை பூசையிலை இந்தப் பெட்டிக்கு முன்னாலை விழுந்து கும்பிட்டன் தம்பி. சனிக்கிழமை விடிய மாப்பிளை பகுதி போன் எடுக்கினம்! இதுக்கு என்ன சொல்லுறியள்?

– வெள்ளிக்கிழமையா சார்?

– வெள்ளிக்கிழமை. சனம் நிண்டு பாத்தது. அதாலை நிர்வாகத்தோடை கதைச்சு முடிவெடுத்தாச்சு. நாகதம்பிரானுக்கு இஞ்சை நிரந்தரமா ஒரு சந்நிதி. இந்தச் சுவரை உடைச்சு ரெண்டு அறையையும் ஒண்டாக்கிறம். குசினியிலை அன்னதானம்.

– ரெண்டு அறை எண்டால், எங்கடை அறையுமோ அண்ணை?

– அதைத்தான் சொல்ல வந்தனான். நீங்கள் எல்லாரும் வேறை இடம் பாருங்கோ. மாரிக்குள்ளை ஆக்களை வீட்டாலை எழுப்பேலாது எண்டு சட்டம் இருக்கு. நான் சட்டத்தை மீறுற ஆள் இல்லை. ஏப்ரல் பிறக்க வெளிக்கிட்டால் போதும். பாம்பு இருக்கட்டும்.

– அது என் பாம்பு சார்.

– தெய்வம் ஒருத்தற்றையும் சொத்து இல்லைத் தம்பி.

– அண்ணை, இப்பதான் இந்த வீட்டிலை மனுசர் இருக்கலாம் போல கிடக்கு. பிள்ளை இப்பதான் இருமாமல் படுக்குது. இந்த ஷோஃபாஜ் போட்டு ஒரு மாரி முடியேல்லை.

– அது நாகத்துக்குப் போட்டது பிள்ளை. நீங்கள் பக்கத்திலை இருந்ததாலை உங்களுக்கும் கொஞ்சம் சுட்டது.

– தம்பி முகிலன், இனி என்னத்துக்கு மறைக்கிறது? சொல்லுங்கோ.

– சார், கொஞ்சம் உக்காருங்க. அந்தப் பெட்டிக்குள்ள பாம்பு இல்ல. வியாழக்கிழமையே கொண்டுபோய் பொபினியில விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை நீங்க விழுந்து கும்பிட்டது வெறும் மண்சட்டிய.

– நாங்கள் ஒருத்தருக்கும் மூச்சு விடமாட்டம் அண்ணை. எங்களை இருந்தபடி இருக்க விடுங்கோ. எழுப்பத்தான் போறியள் எண்டால், நானே தில்லைநாயகியக்காவிட்டைப் போய்ச் சொல்லுவன்.

– போய்ச் சொல்லும் பிள்ளை. வெள்ளிக்கிழமை நாகதம்பிரான் சட்டிக்குள்ளாலை எழும்பி, படம் எடுத்துத் தன்னைப் பாத்துத் தலை ஆட்டினவர் எண்டு அவ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரியிறா. மற்றவையும் கண்டதெண்டுதான் சொல்லுகினம்.

– சார், நான் சொல்றது உங்களுக்குப் புரியுதா? பெட்டி காலி. உங்களுக்குக் கொஞ்சம்கூட அதிர்ச்சியா இல்லையா?

– பூசைக்கு முதலே மூடியைத் துறந்து, ரெண்டு சட்டியையும் தூக்கிப் பாத்துப்போட்டுத்தான் விழுந்து கும்பிட்டனான் தம்பி. உள்ளுக்கை ஒண்டும் இல்லை எண்டு தெரிஞ்ச ஆக்களைப் பக்கத்து அறையிலை வைச்சுக்கொண்டு ஆரும் கோயில் நடத்துவினமோ?